அகற்றமுடியாமைச் சான்றிதழ்

பதினேழாம் கேள்விக்கு இக்னேசியஸ் ‘ஆம்’ என்ற கட்டத்தில் அடையாளமிட்டார். திருச்சியில் வாடகை வீட்டில் இருக்கும் மனைவி றெஜினாவையும் மகள் கரோலினையும் ரொறன்ரோவுக்கு எடுப்பதற்கான விண்ணப்பத்தின் கடைசிப் படிவம் அது. மற்ற நாற்பத்திரண்டு கேள்விகளும் பிறந்த திகதி, உயரம், முன்பிருந்த முகவரி என்று சாதுவாகவே இருந்தன. பதினேழாவது மட்டும், ‘உங்கள் வதிவிடத்தில் துப்பாக்கியோ துப்பாக்கியை ஒத்த பொருளோ உள்ளதா?’ என்று கேட்டது.

உள்ளது. ஸ்காபரோவில் அவர் குடியிருந்த பேஸ்மென்ட் அறையில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே, பழைய விரிப்பொன்றால் சுற்றி வைத்திருந்தார். ஒட்டுப்பலகையில் வெட்டி, வீடு கூட்டும் தும்புத்தடியின் பிடியைக் குழலாகச் செருகி, கறுப்பு மை பூசிய துவக்கு. தேவாலயத்துத் தமிழ் நாடகக் குழுவின் தலைவர் கஸ்பர் அண்ணை அஜக்ஸ் நகரில் தன் கராஜில் செய்தது. கராஜில் ஈரம் என்று இவரிடம் கொடுத்து வைத்திருந்தார்.

‘இல்லை’ என்று எழுதியிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் இக்னேசியஸ் இளமையில் மன்னார் வீதியின் சோதனைச்சாவடிகளைக் கடந்து வளர்ந்தவர். அந்த வீதியில் எல்லோரும் அறிந்த ஒரு கணக்கு இருந்தது. இல்லை என்று சொல்லி, பிறகு பைக்குள்ளிருந்து ஏதாவது வெளியே வந்தால் நாள் முழுவதும் வெயிலில் நிற்கவேண்டும். ஓம் என்று சொல்லித் தானாகவே எடுத்து நீட்டினால் அரை நாள். கொண்டுபோகத் தடையாயிருந்த நான்கு ரோர்ச் பற்றரிகளுக்காக அவர் ஒருமுறை அரை நாள் நின்றிருக்கிறார். அன்று ‘இல்லை’ சொன்னவர்கள் இவர் வீட்டுக்குப் போன பிறகும் நின்றுகொண்டிருந்தார்கள். கணக்கு பிழைத்ததில்லை.

மூன்று வாரத்தில் ஒரு கடிதம் வந்தது. ‘அகற்றமுடியாமை உறுதிப்படுத்தும் பணிமனை’ என்று தலைப்பிட்டிருந்தது. அவர் பெயரில் ஓர் ஆயுதக் கோப்பு திறக்கப்பட்டுள்ளதாகவும், அது மூடப்படும்வரை குடும்ப விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படுவதாகவும், இடையில் பொருளை எரித்தல், உடைத்தல், தொலைத்தல் ஆகியவை சாட்சியத்தை அழித்த குற்றமாகும் என்றும் எழுதியிருந்தது. மனைவியினதும் மகளினதும் மருத்துவப் பரிசோதனை ஆகஸ்ட் முப்பத்தோராம் திகதியோடு காலாவதியாகும் என்பதைக் கடிதம் எழுதவில்லை. அதை இக்னேசியஸ் கலண்டரில் ஏற்கனவே வட்டமிட்டிருந்தார். காலாவதியானால் எல்லாம் முதலிலிருந்து. முதலிலிருந்து என்றால் இன்னும் நான்கு வருடம்.

றெஜினாவுக்கு வட்ஸ்அப்பில் விளங்கப்படுத்தினார். மறுமுனையில் மின்விசிறி இரைந்தது.

“பதினொரு வருஷம்,” என்றாள் றெஜினா. “முதல்ல அகதிக் கேஸ் முடியேல்லை எண்டீங்கள். பிறகு ஜட்ஜ் மாறிட்டார் எண்டீங்கள். பிறகு கொரோனா. இப்ப துவக்கு எண்டுறீங்கள். நாளைக்கு என்னப்பா, புலியோ, கரடியோ?”

“பலகைத் துவக்கு, றெஜினா.”

“பலகைத் துவக்குக்கு ஆர் ஃபைல் திறப்பான்? எனக்கு ஏதும் மறைக்கிறீங்களோ?”

பின்னாலிருந்து கரோலின் எட்டிப் பார்த்தாள். “அப்பா, ஏகே ஃபோர்ட்டி செவனா?”

“ஒட்டுப்பலகை, பிள்ளை.”

“ஐயே,” என்றுவிட்டு அவள் போனாள்.

பணிமனை நோர்த் யோர்க்கில் ஒரு கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் இருந்தது. நடுவே தடித்த கண்ணாடிச் சுவர். இந்தப் பக்கம் நாற்பது கதிரைகள், அந்தப் பக்கம் உத்தியோகத்தர்கள். மேசையில் இருந்த பேனாக்கள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தன. இலவச பிஸ்கட் தட்டுக்கு மேலே கமரா இருந்ததால் இக்னேசியஸ் பிஸ்கட்டைத் தொடவில்லை.

அவருடைய உத்தியோகத்தரின் பெயர் சாம்பவி. இருபத்தாறு வயது இருக்கலாம், ரொறன்ரோவை அடுத்த மார்க்கம் நகரில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் முகத்தைக் கண்டதும் இக்னேசியஸின் சந்தேகம் இரண்டு மடங்கானது. சாவடியிலும் இராணுவம் தமிழ் பேசுகிற ஆளைத்தான் விசாரிக்க முன்னுக்கு நிறுத்தும்.

“ஹாய் அங்கிள்,” என்றாள். “உங்கட ஆர்ட்டிகிளைக் காட்டுங்கோ.”

விரிப்பை அவிழ்த்துக் கண்ணாடியின் கீழிருந்த பெட்டிக்குள் வைத்தார். அவள் கையுறை போட்டுக்கொண்டு எடுத்தாள். துவக்கின் அடியில் வளைந்து நீண்டிருந்த மகசினை, உண்மைத் துவக்கென்றால் குண்டுகள் அடுக்கியிருக்கும் அந்தப் பெட்டியை, இரண்டு விரலால் இழுத்தாள். அது ‘டிக்’ என்று கையோடு வந்துவிட்டது. கஸ்பர் அண்ணை உள்ளே இரண்டு காந்தம் வைத்திருந்தார். நாடகத்தின் மூன்றாம் காட்சியில் சிப்பாய் மகசினைக் கழற்றித் தாயின் முன்னால் மேசையில் வைப்பான். சபையில் எல்லோரும் அழும் இடம் அது.

“ஓ நோ,” என்றாள் சாம்பவி. “கழருது.”

“அது நாடகத்துக்குப் பிள்ளை. முழுக்க மரம்.”

“மரம் எண்டது உங்கட க்ளெய்ம், அங்கிள்.”

“தட்டிப் பாருங்கோவன்.”

“எனக்குத் தட்ட ஓதரைசேஷன் இல்லை.” திரையைப் பார்த்தாள். “மெற்றீரியல் எண்டதில ஸ்டீல், அலுமினியம், பொலிமர். வுட் இல்லை. ‘அதர்’ போட்டா ஹெட் ஓஃபிஸ் போகும். எயிட்டீன் மன்த்ஸ். நான் பொலிமர், அதான் பிளாஸ்ரிக், போடுறன், ஓகே? அப்ப அது ஒரு பொலிமர் ரைஃபிள், கழருற மகசின். அதுதான் பிரச்சினை. மகசின் கழராட்டி நீங்க ரூலுக்குக் கொம்ப்ளையன்ட். ஃபிக்ஸ் பண்ணிக்கொண்டு வாங்கோ, நான் ஃபைலை மூடுறன். சிம்பிள்.”

சிம்பிள் என்று யாராவது சொன்னால் அவர் நம்புவதில்லை. ஆனாலும் வீட்டுக்குப் போய்ப் பசை பூசி மகசினை ஒட்டினார். ஒட்டிவிட்டு ஒரு முழு நாள் பாரம் ஏற்றி வைத்தார்.

அடுத்த வாரம் பணிமனையில் பணிப்பாளர் பெல்லமியே நேரில் வந்து பார்த்தார். அறுபது வயது, மென்மையான குரல், கழுத்துப் பட்டியில் சின்னச் சின்னப் பூட்டுப் படங்கள். ஒட்டிய இடத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

“பசை,” என்றார் துக்கத்துடன். “திரு. இக்னேசியஸ், பசை என்பது ஒரு மனநிலை. இன்று ஒட்டியிருப்பவர் நாளை மனம் மாறலாம். பூட்டு மனம் மாறாது. இந்த நாட்டில் நாங்கள் துப்பாக்கிகளைக் கண்டு அஞ்சுவதில்லை. எதிலிருந்தும் எதுவும் கழன்று வரலாம் என்பதைக் கண்டுதான் அஞ்சுகிறோம். இருபத்திரண்டு வருடமாக இந்தப் பணிமனையிலிருந்து எதுவும் கழன்றதில்லை. நானும்தான்.”

அங்கீகரிக்கப்பட்ட சாதனம் ஒன்றையே பொருத்தவேண்டும் என்றார். மகசினை விடுவிக்கும் பொத்தானை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பூட்டும் சின்ன உருக்குப் பூட்டு. பலகைத் துவக்கில் பொத்தான் இல்லை என்று இக்னேசியஸ் சொன்னார். பொத்தான் இல்லாத இடத்தில் பொத்தானை அகற்றியதாகப் பதிய முடியாது, ஆகவே முதலில் ஒரு பொத்தானைப் பொருத்தி அதை அகற்றுமாறு பெல்லமி ஆலோசனை கூறினார்.

இங்கேதான் இக்னேசியஸின் தொழில் அவருக்கு எதிரியானது. மார்க்கத்தில் ஒரு பட்டறையில் பத்து வருடமாக உலோகம் கடைகிறவர் அவர். அவர் கடைந்த துண்டுகள் ஒருமுறையும் திரும்பி வந்ததில்லை. பூட்டு மரத்தில் பிடிக்காததால் அதற்கு ஓர் உருக்குக் கூடு செய்தார். கூடு அழகாக அமர்ந்தது. அதைக் கண்ட சாம்பவி உதட்டைக் கடித்தாள்.

“அங்கிள், இப்ப ஸ்டீல் இருக்கு. கற்றகரி மாறுது. சீரியல் நம்பர் வேணும்.”

“எங்க அடிக்கிறது?”

“பரல்ல. குழாயில. ஆனா உங்கட பரல்…” அவள் தும்புத்தடியைப் பார்த்தாள். “இதில அடிச்சா செல்லாது. ரூல் ‘மெற்றல் பரல்’ எண்டு சொல்லுது.”

உருக்குக் குழாய் போட்டார். நம்பர் அடித்தார். உருக்குக் குழாயின் பாரம் தாங்காமல் பலகை வெடித்தது. வெடித்த பொருள் பாதுகாப்பற்றது என்று ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நடுப்பகுதியை அலுமினியத்தில் செய்தார். ஜூலை முடியும்போது கஸ்பர் அண்ணையின் துவக்கில் பலகை என்று மிஞ்சியது, தோளில் முட்டுக்கொடுக்கும் பின்பகுதி மட்டும்.

ஒத்திகைக்கு ஆள் சேர்க்க வந்த கஸ்பர் அண்ணை பேஸ்மென்டில் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கட்டிலில் இருந்தார்.

“உதென்னடா இக்னேசி? நான் நாடகத்துக்கெல்லோ துவக்குத் தந்தனான். நீ சண்டைக்குச் செய்து வைச்சிருக்கிறாய்.”

“அவங்கள் சொன்னதைத்தான் அண்ணை செய்தன்.”

கஸ்பர் அண்ணை மகசினை இழுத்தார். காலை ஊன்றி இழுத்தார். முகம் சிவந்தது. “கழரேல்லையே! மூண்டாம் சீன் என்னெண்டு போடுறது?”

“கழராம இருக்கத்தான் அண்ணை இவ்வளவும்.”

“அப்ப அந்தச் சிப்பாய் கடைசிவரை இழுத்துக்கொண்டு நிக்கப்போறானோ?” என்றார் அவர். பிறகு யோசித்துவிட்டு, “அதுவும் நல்லாத்தான் இருக்கும்,” என்றார். போகும்போது கதவடியில் நின்று மெதுவாகக் கேட்டார். “நீ அங்க ஊரில… ஒரு இயக்கத்திலயும் இருக்கேல்லைத்தானே?”

“அண்ணை!”

“இல்லை, வேலைப்பாட்டைப் பாத்துக் கேட்டன்.”

பெல்லமிக்கும் அதே எண்ணம் வந்திருந்தது. ஆகஸ்ட் முதல் வாரம், பூட்டையும் கூட்டையும் பூதக்கண்ணாடியால் இரண்டு முறை பார்த்தார்.

“அற்புதம்,” என்றார். “ஏன் இவ்வளவு அற்புதம்?”

“நீங்கள் தந்த வரைபடத்தின்படி செய்தேன், ஐயா.”

“எல்லோருக்கும் வரைபடம் தருகிறோம். மனிதர்கள் சட்டத்துக்குப் பணியும்போது கொஞ்சம் தயக்கத்தோடு பணிவார்கள். ஒரு மூலை கோணலாக இருக்கும். ஒரு திருகாணி தளர்ந்திருக்கும். அந்தத் தளர்வைக் கண்டுபிடிப்பதற்காகத்தான் நாங்கள் இருக்கிறோம். உங்கள் பணிவில் தளர்வே இல்லை. அதைக் குறித்துக்கொண்டேன்.” உண்மையிலேயே குறித்துக்கொண்டார்.

இறுதியாக, உள்ளே ஒரு தனி அறையில் ‘நேர்மையான முயற்சிச் சோதனை’ இருந்தது. கருவி எதுவுமின்றி, வெறுங்கையால், மூன்று நிமிடம் மகசினைக் கழற்ற முயலவேண்டும். கழற்றுவதில் அதிக அக்கறை உடையவரே முயலவேண்டும் என்பது விதி. அதாவது உரிமையாளர்.

“கழன்றால்?” என்று இக்னேசியஸ் கேட்டார்.

“தடைசெய்யப்பட்ட ஆயுதத்தை எங்கள் முன்னிலையில் உருவாக்கியவர் ஆவீர்கள்,” என்றார் பெல்லமி அன்பாக.

“அப்போ நான் மெதுவாக இழுத்தால்?”

“நேர்மையின்மை. சோதனை செல்லாது.”

சாம்பவி நேரக்கணிப்பானை அழுத்தினாள். இக்னேசியஸ் இழுத்தார். ஒரு நிமிடத்தில் பெல்லமி கையை உயர்த்தி நிறுத்தினார். “முகத்தில் ஆசை இல்லை. இது கழன்றால் உங்களுக்கு மிக வேண்டிய ஒன்று கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு இழுங்கள்.”

இரண்டாம் முறை இக்னேசியஸ் கண்ணை மூடினார். விமான நிலையத்தின் தானியங்கிக் கதவு திறந்து, பெட்டி தள்ளிக்கொண்டு இரண்டு பேர் வருவதை நினைத்தார். அதில் ஒருத்தியை, அவளுக்கு நான்கு வயதாக இருந்தபோது, அவர் விட்டுவிட்டு வந்திருந்தார். இப்போது அவள் தன்னைவிட உயரமாக இருப்பாளோ என்று திரையில் கணிக்க முடிவதில்லை. இழுத்தார். உருக்கு விளிம்பு உள்ளங்கையை வெட்டியது. இழுத்தார். மூன்று நிமிடம் முடிந்து மணி அடித்த பிறகும் இழுத்துக்கொண்டிருந்தார். சாம்பவிதான் வந்து, “அங்கிள், காணும். போதும் அங்கிள்,” என்று கையைப் பிடித்தாள். அவள் நேரக்கணிப்பானைப் பார்க்காமல் அவருடைய கையைப் பார்த்தது அதுதான் முதல்முறை.

மகசின் அசையவில்லை. பெல்லமி கைதட்டினார். பொன்நிற முத்திரையோடு ‘அகற்றமுடியாமைச் சான்றிதழ்’ கிடைத்தது. ஆகஸ்ட் இருபத்திரண்டாம் திகதி.

“இனிக் கோப்பை மூடுவீர்களா?”

“இந்தச் சான்றிதழை ஒரு துப்பாக்கிக்கு மட்டுமே வழங்க முடியும்,” என்றார் பெல்லமி. “ஆகவே இது ஒரு துப்பாக்கி என்பது இன்று முதல் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது. வாழ்த்துகள். உங்களிடம் துப்பாக்கி உரிமம் உள்ளதா?”

இல்லை.

“அப்படியானால் ஒப்படைத்துவிடுங்கள். நாங்கள் அழித்துவிடுவோம், கோப்பும் மூடப்படும். ஒப்படைக்கும்போது பாதுகாப்புக்காக மகசினைக் கழற்றி, வெறுமையாக இருப்பதைக் காட்டவேண்டும்.”

இக்னேசியஸ் சான்றிதழை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

“கழற்ற முடியாது என்று நீங்கள்தானே எழுதித் தந்தீர்கள்,” என்றார் இக்னேசியஸ்.

“அதில்தான் எங்கள் வெற்றி இருக்கிறது,” என்றார் பெல்லமி. அவர் கண்கள் லேசாகக் கலங்கியிருந்தன.

அன்று றெஜினா திட்டவில்லை. திட்டாததுதான் பயமாக இருந்தது. “கரோலினுக்கு இஞ்ச பிளஸ் வண்ணுக்கு அட்மிஷன் போடட்டோ?” என்று மட்டும் கேட்டாள். “போட்டா ரெண்டு வருஷம். நீங்கள் சொல்லுங்கோ, நான் நம்புறன்.” பதினொரு வருடத்தில் அவள் நம்புகிறேன் என்று சொன்னது இதுவே முதல்தடவை. இக்னேசியஸுக்கு அவள் தன்னைக் கைவிட்டுவிட்டாள் போலிருந்தது.

இருபத்தொன்பதாம் திகதி காலை சாம்பவி அழைத்தாள். இவர் துவக்கோடு போனபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு தாளோடு நின்றாள்.

“அங்கிள், ஒரு வழி இருக்கு. ட்ரான்ஸ்ஃபர். ரைஃபிளை வேற ஒருத்தற்ற பேருக்கு மாத்தலாம். மாத்தினா உங்கட ஃபைல் க்ளோஸ். வாங்கிற ஆளுக்கு லைசன்ஸ் வேணும். ஓபன் ஃபைல் இருக்கக்கூடாது.”

“எனக்கு அப்பிடி ஆர் இருக்கினம்?”

“நான் இருக்கிறன். இந்த வேலைக்கே லைசன்ஸ் எடுக்கவேணும். உங்கட பேருக்குக் கீழ நான் சைன் பண்ணினா சரி.”

இக்னேசியஸ் கூரையைப் பார்த்தார். கமரா எங்கே திரும்பியிருக்கிறது என்று பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். “ஏன் செய்யிறீங்கள்?”

“அந்த இழுக்கிற ரெஸ்ற் அண்டைக்கு உங்கட கை… ஐ டோன்ட் நோ, அங்கிள். பொலிமர் எண்டு போட்டது நான்தானே. மரம் எண்டு நீங்க சொன்னனீங்கள்.”

பொறி என்று முதலில் நினைத்தார். கண்ணாடியின் கீழால் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். பின்பக்கத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பொறிதான். ஆனால் அது தனக்கு வைத்ததல்ல என்று அவருக்கு மெல்லத் தெரிந்தது. சாவடியில் ஒருமுறை, ஒரு கிழவியின் அரிசி மூட்டையைத் தூக்கிக் கொடுத்த சிப்பாயை அவர் கண்டிருக்கிறார். அடுத்த நாள் அந்தச் சிப்பாய் அந்த இடத்தில் இல்லை.

“பிள்ளை, வேண்டாம். இதில கையெழுத்து வைச்சா ஃபைல் உங்கட பேரில திறக்கும்.”

சாம்பவி சிரித்தாள். “நான் ஸ்டாஃப், அங்கிள். எனக்கு என்ன செய்யப்போகினம்? டென் மினிற்ஸ் வேலை. பிறகு நானே மூடுவன்.”

“எப்பிடி மூடுவீங்கள்? மகசின் கழராதே.”

“எங்களுக்குள்ள ஒரு ப்ரொசீஜர் இருக்கும்.”

“நீங்கள் கண்டனீங்களோ, அந்த ப்ரொசீஜரை?”

அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையெழுத்து வைக்கும் இடத்தை விரலால் காட்டினாள். அவர் இன்னொரு தடவை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். மூன்று தடவை சொன்னால் அவள் விட்டிருக்கவும் கூடும். இரண்டு தடவை சொன்னார், கலண்டரின் வட்டத்தை நினைத்தார், சங்கிலிப் பேனாவை எடுத்துக் கையெழுத்து வைத்தார். வைக்கும்போதும், துவக்கைப் பெட்டிக்குள் விட்டபோதும் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் பெயருக்குக் கீழே அவளும் கையெழுத்து வைத்தாள். அதன்பின் பெல்லமி பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை. இக்னேசியஸின் கோப்பில் ‘மூடப்பட்டது’ என்று முத்திரை குத்தி, கடிதத்தின் பிரதியை அவர் கையில் கொடுத்து, குடும்ப விண்ணப்பப் பிரிவுக்கு மின்னஞ்சல் போய்விட்டதென்றும் சொன்னார். கண்ணாடியின் கீழால் கையை நீட்டி உறுதியாகக் கைகுலுக்கினார். பிறகு சாம்பவியின் பக்கம் திரும்பினார்.

“செல்வி சாம்பவி, ஒருவரின் இக்கட்டைத் தீர்ப்பதற்காக நீங்கள் செய்த காரியம் என்னை நெகிழ வைக்கிறது. நெகிழ்ச்சிக்கு எங்களிடம் படிவம் இல்லை. ஆனால் திறந்த ஆயுதக் கோப்புள்ள ஒருவர் இப்போது பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் நிற்கிறார். அதற்குப் படிவம் இருக்கிறது.”

அவள் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கேட்டார். அவள் முதலில் பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். பெல்லமி கையை நீட்டியபடியே நின்றார். அவருக்குப் பின்னால் இருந்த மேசைகளில் யாரும் நிமிரவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் மிக முக்கியமான ஏதோ ஒன்றைத் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தார்கள். அட்டையைக் கழற்றி அவர் கையில் வைத்தாள்.

கண்ணாடிக் கதவு திறந்தது. சாம்பவி கைப்பையோடும் துவக்கோடும் இந்தப் பக்கம் வந்தாள். கதவு பின்னால் மூடியது. அவள் திரும்பிக் கைப்பிடியைத் தேடினாள். இந்தப் பக்கத்தில் கைப்பிடி இல்லை என்பதை அவள் இதுவரை கவனித்திருக்கவில்லை.

“நம்பர் எடுக்கவேணும், பிள்ளை,” என்றார் இக்னேசியஸ்.

எடுத்தாள். தொண்ணூற்றொன்று. எண் பலகையில் முப்பத்துநாலு ஓடிக்கொண்டிருந்தது.

இக்னேசியஸின் தொலைபேசி அடித்தது. றெஜினா. அங்கே மின்விசிறி ஓடவில்லை, நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்திருந்தாள் போலும்.

“ஈமெயில் வந்திருக்கு,” என்றாள். “பாஸ்போட் அனுப்பச் சொல்லி. உண்மையோ? இதுக்குள்ள ஏதும் இருக்கோ?”

“உண்மைதான். உடன அனுப்பும்.”

“நீங்கள் ஏன் சந்தோசமாக் கதைக்கேல்லை? எங்க நிக்கிறீங்கள்? பக்கத்தில ஆரோ மூக்கு உறிஞ்சுற சத்தம் கேக்குது. பொம்பிளைக் குரல் மாதிரி.”

“ஓம்,” என்றார் இக்னேசியஸ். “ஒரு பிள்ளை. நான் பிறகு எடுக்கிறன். இஞ்ச அவவின்ர நம்பர் வரவேணும்.”

பட்டறைக்குப் போக பஸ் பத்து இருபதுக்கு இருந்தது. அவர் ஜக்கெற்றைக் கழற்றிக் கதிரையின் முதுகில் போட்டார். சாம்பவிக்குப் பக்கத்தில் இருந்தார். துவக்கை அவள் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார், பாரமாக இருந்தது. ஒரு நிமிடம் கழித்து எழுந்து போய், கமராவைப் பார்த்துக்கொண்டே இரண்டு பிஸ்கட் எடுத்துவந்தார்.

“சாப்பிடும்,” என்றார். “இண்டைக்குள்ள இது முடியப்போறதில்லை.”